ஒரு பதவிக்காலம், மூன்று அவைகள்: சென்னை மாநிலச் சட்டப்பேரவை, 1952–57

1. ஒரு கூடத்தின் கதை

சென்னை அரசினர் தோட்டத்தில் வாலாஜா சாலையை ஒட்டி ஒரு கூடம் இருந்தது. பாலர் அரங்கம் என்றும் பின்னர் கலைவாணர் அரங்கம் என்றும் அழைக்கப்பட்ட அந்தக் கூடத்தை நாடகம் பார்க்கவும் பாராட்டு விழாக்களுக்கும் போய்வந்த தலைமுறை அறியும். அது எதற்காகக் கட்டப்பட்டது என்பதை அறிந்தவர்கள் குறைவு. வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்த முதல் பொதுத்தேர்தலில் சென்னை மாநிலச் சட்டப்பேரவைக்கு 375 உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட இருந்தார்கள். அத்தனை பேர் உட்கார இடம் வேண்டியே அந்தக் கூடம் எழுப்பப்பட்டது. 1952 மே 3 முதல் 1956 டிசம்பர் 27 வரை பேரவை அங்கே கூடியது. 1957 ஏப்ரல் 29 அன்று பேரவை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குத் திரும்பிவிட்டது. அவ்வளவு பெரிய கூடம் அப்போது அதற்குத் தேவைப்படவில்லை.

ஐந்தாண்டுக்குள் ஓர் அவை தன் கூடத்துக்குள் அடங்காத நிலையிலிருந்து கூடமே மிஞ்சிப்போகும் நிலைக்கு வந்தது எப்படி? அதே ஐந்தாண்டில் முதலமைச்சர் பதவி ராஜாஜியிடமிருந்து காமராஜருக்குக் கைமாறியது. பேரவைத் தலைவர் நாற்காலியிலும் எதிர்க்கட்சித் தலைவர் இருக்கையிலும் ஆட்கள் மாறினார்கள். இந்த இரு மாற்றங்களையும், அதாவது உறுப்பினர் தொகை மாறியதையும் தலைமை மாறியதையும், நம் அரசியல் வரலாற்று நூல்கள் தனித்தனியே பேசுகின்றன. அவற்றைச் சேர்த்துப் படித்தால் என்ன தெரியவருகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. இதுவரையான புரிதல்கள்

இப்பதவிக்காலம் குறித்துத் தமிழில் மூன்று வகையான விளக்கங்கள் வழங்கி வருகின்றன.

முதலாவது, ஆளுமைகளை மையமாகக் கொண்டது. 1937 முதற்கொண்டே தமிழகக் காங்கிரசுக்குள் நிலவிய ராஜாஜி–சத்தியமூர்த்தி முரண்பாடும், அதன் தொடர்ச்சியான ராஜாஜி–காமராஜர் போட்டியும் 1954இல் முடிவுக்கு வந்தன என்று இவ்விளக்கம் சொல்லும். இரண்டாவது, திராவிட இயக்க நோக்கிலிருந்து எழுவது. ராஜாஜியின் தொடக்கக் கல்வித் திட்டத்தைக் குலக்கல்வித் திட்டம் என்று அடையாளம் கண்டு மக்கள் கிளர்ந்தெழுந்ததே அவரைப் பதவியிலிருந்து இறக்கியது என்பது இதன் சாரம். மூன்றாவது, நாடாளுமன்ற நெறிமுறையைப் பற்றிய கவலையிலிருந்து பிறந்தது. தேர்தலில் நிற்காத ஒருவர் மேலவை நியமனத்தின் வழியாக முதலமைச்சரானதும், பெரும்பான்மை இல்லாத கட்சி பிற கட்சியினரைச் சேர்த்துக்கொண்டு ஆட்சி அமைத்ததும் இந்திய அரசியலில் ஒரு தவறான முன்மாதிரியைத் தொடங்கிவைத்தன என்று இது வாதிடும்.

மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் மூன்றும் அவையைக் களமாக மட்டுமே பார்க்கின்றன. அவையில் உட்கார்ந்திருந்தவர்கள் யார், எந்தப் பகுதியிலிருந்து வந்தவர்கள், அவர்களில் எத்தனை பேர் எப்போது வெளியேறினார்கள் என்ற கேள்விகள் ஓரத்துக்குப் போய்விடுகின்றன. தலைமை மாற்றத்தின் திறவுகோல் அந்த உறுப்பினர் பட்டியலில்தான் இருக்கிறது என்பது என் வாதம்.

3. 1952இல் உள்ளே வந்தவர்கள்

375 இடங்கள் 309 தொகுதிகளில் பகிர்ந்து வைக்கப்பட்டிருந்தன. 243 தொகுதிகள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பவை. 66 தொகுதிகள் இருவரைத் தேர்ந்தெடுப்பவை. இரட்டை உறுப்பினர் தொகுதிகளில் 62இல் ஓரிடம் பட்டியல் சாதியினருக்கும், 4இல் ஓரிடம் பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டிருந்தது.

அன்றைய வாக்குச்சாவடியை ஒரு கணம் மனக்கண்முன் கொண்டுவர வேண்டும். வேட்பாளர் பெயர்களை அச்சிட்ட வாக்குச்சீட்டு அப்போது கிடையாது. மறைப்புக்குள்ளே வேட்பாளருக்கு ஒரு பெட்டி வீதம் வரிசையாக வைத்திருப்பார்கள். ஒவ்வொரு பெட்டியின் மேலும் சின்னம் ஒட்டியிருக்கும். வாக்காளர் தன் சீட்டை விரும்பிய பெட்டிக்குள் போட வேண்டும். இரட்டைத் தொகுதி என்றால் கையில் இரண்டு சீட்டுகள். இரண்டையும் ஒரே பெட்டியில் போடக்கூடாது. எழுத்தறியாத ஒரு வேளாண் கூலித் தொழிலாளி, தன் ஊரின் பண்ணையாரும் நின்ற அதே வரிசையில் நின்று, ஒரு சீட்டைப் பொது வேட்பாளருக்கும் மற்றொன்றைத் தன் சாதியிலிருந்து நின்றவருக்கும் போட முடிந்தது. முந்தைய அவைகள் சொத்து, வரி, கல்வி ஆகிய தகுதிகளால் வடிகட்டப்பட்ட வாக்காளர்களால் அமைந்தவை. இந்த அவையின் முகம் மாறியிருந்ததற்கு முதற்காரணம் இதுவே.

முடிவுகள் ஆளுங்கட்சியை அதிரவைத்தன. காங்கிரஸ் 152 இடங்களில் வென்றது. பெரும்பான்மைக்கு 188 வேண்டும். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 62, சுயேச்சைகளுக்கு 62, பிரகாசம் தலைமையிலான கிசான் மஸ்தூர் பிரஜா கட்சிக்கு 35, தமிழ்நாடு உழைப்பாளர் கட்சிக்கு 19, என்.ஜி. ரங்காவின் கிருஷிகார் லோக் கட்சிக்கு 15, சோஷலிஸ்டுகளுக்கு 13, காமன்வீல் கட்சிக்கு 6, மலபாரில் முஸ்லிம் லீகுக்கு 5 இடங்கள் கிடைத்தன. எஞ்சிய 6 இடங்கள் சிறு கட்சிகளுக்குப் போயின. முதலமைச்சர் பி.எஸ். குமாரசாமி ராஜாவே தோற்றார். அமைச்சர் பக்தவத்சலமும் தோற்றார். அனந்தபூரில் நீலம் சஞ்சீவ ரெட்டியைத் தோற்கடித்தவர் அவருடைய மைத்துனரும் கம்யூனிஸ்டுமான தரிமெல நாகி ரெட்டி. மதுரை வடக்கில் சிறையிலிருந்தபடியே வென்றார் கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி.

இம்முடிவை மாநிலம் முழுவதற்குமான ஒரே தீர்ப்பாகப் படிப்பது பிழை. தமிழ் மாவட்டங்களின் 190 இடங்களில் காங்கிரஸ் 96ஐப் பிடித்திருந்தது. தென் கன்னடத்தின் 11இல் 9 அதற்கு. ஆனால் மலபாரின் 29இல் நான்கே நான்கு. ஆந்திர மாவட்டங்களில் பல்லாரியையும் சேர்த்து 145 இடங்கள் இருந்தும் 43தான் கிடைத்தன. தனி மாநிலம் கேட்டு ஏமாந்திருந்த ஆந்திரமும், நில உரிமைப் போராட்டங்களில் பதப்பட்ட மலபாரும் சேர்ந்தே காங்கிரசின் பெரும்பான்மையைப் பறித்தன. தமிழ் மாவட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அக்கட்சிக்கு, மயிரிழையில்தான் என்றாலும், தனிப் பெரும்பான்மை இருந்தது. பின்னால் நடந்தவற்றுக்கெல்லாம் இந்த எண்ணிக்கையே அடிப்படை.

4. முதல் அவையும் ராஜாஜியும்

கம்யூனிஸ்டுகளும் பிரகாசத்தின் கட்சியும் வேறு சிலரும் ஐக்கிய ஜனநாயக முன்னணியாகச் சேர்ந்து, தமக்கு 166 உறுப்பினர்கள் இருப்பதாக ஆளுநரிடம் உரிமை கோரினார்கள். காங்கிரசோ தேர்தலில் நிற்காத, பொதுவாழ்விலிருந்து ஒதுங்கியிருந்த ராஜாஜியை அழைத்துவந்தது. ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரைச் சட்ட மேலவைக்கு நியமித்தார். 1952 ஏப்ரல் 10 அன்று ராஜாஜி முதலமைச்சரானார். இடைத்தேர்தலில் நின்று பேரவைக்குள் வர அவர் முன்வரவில்லை.

இந்த நியமனத்தை எதிர்த்து ராமமூர்த்தி சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார், மனு தள்ளுபடியானது. சட்டத்தின் பார்வையில் விடை நேரானது. இலக்கியம், கலை, அறிவியல், கூட்டுறவு இயக்கம், சமூக சேவை ஆகியவற்றில் சிறப்பறிவுடையோரை மேலவைக்கு நியமிக்க அரசமைப்பின் 171ஆம் பிரிவு இடம் தருகிறது. ராஜாஜியின் எழுத்துப் பணியை யாரும் மறுக்க முடியாது. அமைச்சர் மேலவை உறுப்பினராக இருக்கலாகாது என்று விதியும் இல்லை. ஆனால் அதே அரசமைப்பின் 164ஆம் பிரிவு, அமைச்சரவை பேரவைக்குக் கூட்டாகப் பொறுப்பு என்கிறது. மக்களிடம் வாக்குக் கேட்காத ஒருவர், மக்கள் வாக்களித்து அனுப்பிய அவைக்குப் பதில் சொல்லும் தலைவராவது சட்டத்தின் எழுத்துக்குப் பொருந்தினாலும் அதன் உணர்வுக்குப் பொருந்தவில்லை. இவ்விஷயத்தில் விமர்சகர்களின் பக்கமே நியாயம் இருப்பதாக நான் கருதுகிறேன்.

ஆனால் ராஜாஜியை அழைத்ததன் காரணத்தைத் தனிமனிதச் செல்வாக்கில் மட்டும் தேடினால் போதாது. அன்று காங்கிரசுக்கு வேண்டியிருந்தது, நான்கு மொழிப் பகுதிகளிலிருந்து வந்த உறுப்பினர்களிடையே கட்சி கடந்து பேசி ஆதரவு திரட்டக்கூடிய ஒருவர். முன்னாள் கவர்னர் ஜெனரல் என்ற தகுதியும், எந்தப் பகுதியின் கட்சிக் குழுவுக்கும் கட்டுப்படாத நிலையும் ராஜாஜியிடம் இருந்தன. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவரான காமராஜருக்கு அமைப்பின் பலம் இருந்தது. அந்த அமைப்பு தமிழ் மாவட்டங்களுக்குள் அடங்கியது. 375 பேர் கொண்ட அவையில் அது போதாது.

கணக்கு அதையே காட்டுகிறது. 1952 ஜூலை 3 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசுக்கு ஆதரவாக 200 வாக்குகளும் எதிராக 151 வாக்குகளும் விழுந்தன. தேர்தலில் வென்ற 152 பேருக்கு மேல் 48 பேர். காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரானார். முஸ்லிம் லீக் ஆதரவு தந்தது. சுயேச்சைகளும் பிற கட்சிகளிலிருந்து விலகியவர்களும் சேர்ந்தார்கள். தி.மு.க. அத்தேர்தலில் போட்டியிடவில்லை, ஆனால் காமன்வீல், உழைப்பாளர் கட்சி வேட்பாளர்களை ஆதரித்திருந்தது. அந்த ஆதரவோடு வென்ற ஒரு கட்சி மூன்றே மாதங்களில் எதிரணியின் அமைச்சரவைக்குள் போனது, வாக்களித்தவர்களுக்கு இழைத்த தீங்கு என்பதில் ஐயமில்லை.

5. நாற்காலியில் இருந்தவர், எதிரே இருந்தவர்கள்

பேரவைத் தலைவராக 1952 மே 6 அன்று ஜே. சிவசண்முகம் பிள்ளை மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1937இல் சென்னை மாநகர மேயரான முதல் ஆதிதிராவிடர் அவர். 1946 முதல் பேரவைத் தலைவர். வயதுவந்தோர் வாக்குரிமையில் அமைந்த முதல் பேரவையின் தலைமை நாற்காலியில் ஒரு தலித் இருந்தார் என்ற செய்தி, இப்பதவிக்காலத்தைப் பற்றிய நூல்களில் பெறவேண்டிய இடத்தைப் பெறவில்லை. எதிரணிக்குப் பெரும் பலம் இருந்த, நான்கு மொழிகளில் குரல் எழுந்த அவையை அவர் மூன்றாண்டுக்கு மேல் நடத்தினார். 1955 ஆகஸ்டில் விலகி மத்தியத் தேர்வாணையத்தின் உறுப்பினராகச் சென்றார். அவருக்குப்பின் மலபாரைச் சேர்ந்த என். கோபால மேனன் அந்த நாற்காலிக்கு வந்தார். 72 உறுப்பினர் கொண்ட மேலவைக்கு டாக்டர் பி.வி. செரியன் தலைவர்.

எதிர்வரிசையில் முதலில் நாகி ரெட்டி தலைமை வகித்தார். ஆந்திரம் பிரிந்தபின் அப்பொறுப்பு ராமமூர்த்தியிடம் வந்தது. கம்யூனிஸ்டுகளே தம் முதல் எதிரி என்று ராஜாஜி அவையில் வெளிப்படையாகவே அறிவித்திருந்தார். சிறையிலிருந்தபடி வென்றவர்களும் தலைமறைவு வாழ்க்கையை விட்டு வந்தவர்களும் அந்த வரிசைகளில் இருந்தார்கள் என்பதை நினைவில் கொண்டால்தான் அச்சொல்லின் கடுமை புரியும். அதே அரசு 1952 ஆகஸ்டில் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கீழத்தஞ்சையில் குத்தகைதாரரும் பண்ணையாட்களும் நடத்திய போராட்டமும் அவையில் அதற்குக் கிடைத்த பிரதிநிதித்துவமும் இல்லையென்றால் அச்சட்டம் அவ்வளவு விரைவில் வந்திருக்காது.

6. 1953 ஜூலை: கல்வித் திட்ட வாக்கெடுப்பு

1953–54 கல்வியாண்டில் கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளில் அரைநாள் படிப்பு, மீதிநேரம் பெற்றோரின் தொழில் என்ற திட்டத்தை ராஜாஜி அவையைக் கலக்காமலே நடைமுறைப்படுத்தினார். பெரியாரும் தி.மு.க.வும் தெருவில் இறங்கினார்கள். காங்கிரசுக்குள்ளிருந்தும் வரதராஜுலு நாயுடு போன்றோர் எதிர்த்தார்கள். ஜூலை 29 அன்று திட்டத்தைக் கைவிடக் கோரும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 138, எதிர்ப்பு 138. சரிசமமாக நின்றதால் தீர்மானம் நிறைவேறவில்லை. அடுத்து, திட்டத்தை நிறுத்திவைத்து நிபுணர் குழுவின் ஆய்வுக்கு விட வேண்டும் என்ற தீர்மானம் 139க்கு 137 என்ற கணக்கில் நிறைவேறியது.

ஓராண்டுக்கு முன் 200 வாக்குகள் பெற்ற அரசு 137 வாக்குகளில் வந்து நின்றது. முதல் வாக்கெடுப்பில் மொத்தம் 276 பேரே வாக்களித்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட 375 பேரில் ஏறக்குறைய நூறு பேரின் வாக்கு எந்தப் பக்கமும் விழவில்லை. 1952இல் கூட்டிய பெரும்பான்மை, கம்யூனிஸ்ட் முன்னணியைத் தடுக்கும் ஒரே நோக்கத்துக்காகச் சேர்ந்தது. ஒரு குழந்தை பள்ளியில் எத்தனை மணிநேரம் இருக்க வேண்டும் என்ற கேள்வி வந்தபோது அது கலைந்துபோனது. ஊரிலிருந்து முதல் தலைமுறையாக அவைக்கு வந்த உறுப்பினர்கள், அப்பன் தொழிலுக்கே பிள்ளை திரும்ப வேண்டும் என்பதைத் தம் தொகுதியில் போய்ச் சொல்ல முடியாது. வெளியே நடந்த போராட்டம் உள்ளே வாக்காக மாறிய இடம் இது. ஆகவே திராவிட இயக்க விளக்கத்தை மறுக்கத் தேவையில்லை; அந்தப் போராட்டம் எதிரொலிக்கும்படி அவையின் ஆக்கம் அமைந்திருந்தது என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

7. இரண்டாவது அவை: 1953 அக்டோபர் முதல்

1952 அக்டோபர் 19 அன்று சென்னையில் உண்ணாநோன்பு தொடங்கிய பொட்டி ஸ்ரீராமுலு டிசம்பர் 15 அன்று உயிர்நீத்தார். ஆந்திர மாநிலம் அமையும் என்று நேரு நான்கு நாட்களில் அறிவித்தார். 1953 அக்டோபர் 1 அன்று 140 உறுப்பினர்கள் ஆந்திரப் பேரவையின் உறுப்பினர்களாகிக் கர்நூலுக்குப் போனார்கள். பிரகாசம் அங்கே முதலமைச்சரானார். பல்லாரிப் பகுதியின் உறுப்பினர்கள் மைசூருக்குப் போனார்கள். சென்னையில் மிஞ்சிய பேரவை, நியமன உறுப்பினரையும் சேர்த்து, 231 பேர் கொண்டது. மேலவை 51ஆகக் குறைந்தது.

இந்த இரண்டாவது அவையின் கணக்கு வேறு. 1952 தேர்தல் முடிவுகளை மட்டும் வைத்துப் பார்த்தால், தேர்ந்தெடுக்கப்பட்ட 230 பேரில் காங்கிரஸ்காரர்கள் 109 பேர். பெரும்பான்மைக்கு ஏழு பேர் குறைவு. நாற்பது விழுக்காட்டில் இருந்த கட்சி நாற்பத்தேழு விழுக்காட்டுக்கு உயர்ந்திருந்தது, ஒரு புதிய வாக்குகூடப் பெறாமல். பிரகாசம், நாகி ரெட்டி ஆகிய இரு பெரும் எதிர்ப்புத் தலைவர்களும் வெளியேறிவிட்டார்கள். ராஜாஜியை அழைத்துவரக் காரணமாயிருந்த நெருக்கடி அன்றே தீர்ந்துவிட்டது. கட்சிக்குள்ளும் தமிழ் மாவட்ட உறுப்பினர்களே இப்போது பெரும்பகுதி. அவர்கள் காமராஜர் வளர்த்த அமைப்பிலிருந்து வந்தவர்கள்.

1954 மார்ச்சில் ராஜாஜி உடல்நலத்தைக் காரணம் காட்டி விலக முடிவு செய்தார். சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் காமராஜர் 93 வாக்குகளும், ராஜாஜி ஆதரித்த சி. சுப்பிரமணியம் 41 வாக்குகளும் பெற்றார்கள். ஏப்ரல் 13 அன்று காமராஜர் பதவியேற்றார். அப்போது அவர் மக்களவை உறுப்பினர். முன்னவரின் வழியைப் பின்பற்றி மேலவைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. குடியாத்தம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளரை எதிர்த்து நின்று, வென்று, பேரவைக்குள் வந்தார். மக்களிடம் வாக்குக் கேட்டு வந்த தலைவர் என்ற அந்த வேறுபாடு சிறியதன்று.

அவர் அமைத்த எட்டுப்பேர் அமைச்சரவை உறுப்பினர் கணக்கை நன்கு புரிந்துகொண்டு அமைக்கப்பட்டது. தம்மை எதிர்த்துப் போட்டியிட்ட சி. சுப்பிரமணியத்தையும், அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் சேர்த்துக்கொண்டார். காமன்வீலின் மாணிக்கவேலு நாயக்கரோடு உழைப்பாளர் கட்சியின் எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியாரும் அமைச்சரானார். குறைந்த ஏழு இடங்களுக்கு விடை உழைப்பாளர் கட்சியின் பத்தொன்பது இடங்களில் இருந்தது. தென் கன்னடத்தின் ஏ.பி. ஷெட்டி, ஆதிதிராவிட வகுப்பிலிருந்து பி. பரமேஸ்வரன், சுயேச்சையாக வென்ற ராமநாதபுரம் ராஜா ஆகியோரும் இடம்பெற்றார்கள். 1954 மே 18 அன்று கல்வித் திட்டம் கைவிடப்பட்டது. அறிவித்தவர் கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியமே.

8. மூன்றாவது அவை: 1956 நவம்பர் முதல்

1956 நவம்பர் 1 அன்று மாநில மறுசீரமைப்பு நடைமுறைக்கு வந்தது. மலபார் கேரளத்துக்கும், தென் கன்னடத்தின் பெரும்பகுதி மைசூருக்கும் சென்றன. பேரவை 190ஆகச் சுருங்கியது. அவையின் தலைவரான கோபால மேனனின் பதவியும் அன்றோடு முடிந்தது. மாநில எல்லை நகர்ந்ததால் பேரவைத் தலைவரே இடம் இழந்தார்.

1953இல் ஆந்திர உறுப்பினர்கள் கர்நூலில் ஓர் அவைக்குப் போனார்கள். மலபார் உறுப்பினர்களுக்கு அப்படிப் போய் அமர அவை இல்லை. திருவிதாங்கூர்–கொச்சிப் பேரவை 1956 மார்ச்சில் கலைக்கப்பட்டுக் குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்தது. கேரளத்தின் முதல் பேரவை 1957இல்தான் அமைந்தது. அதே காரணத்தால், தமிழகத்தோடு இணைந்த கன்னியாகுமரி, செங்கோட்டைப் பகுதிகளிலிருந்து சென்னைக்கு வந்து அமரவும் உறுப்பினர் எவரும் இல்லை. தமிழரோடு சேர வேண்டும் என்று போராடி உயிர்ப்பலி கொடுத்த பகுதி, சேர்ந்த முதல் மாதங்களில் தனக்கென ஒரு குரல் இல்லாமல் இருந்தது. இணைப்பின் வெற்றியைக் கொண்டாடும் நாம் இந்த இடைவெளியையும் பதிவு செய்ய வேண்டும்.

எஞ்சிய 190 பேரின் அவை 1956 டிசம்பரில் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டத்தை ஏற்றது. நான்கு மொழிகள் பேசிய 375 பேர் அவையில் இது நினைத்துப் பார்க்க முடியாத செயல். அன்றிருந்தவர்களுக்குத் தமிழ்ப் பற்று குறைவு என்று இதற்குப் பொருளில்லை. அவையின் ஆக்கம் அதற்கு இடம் தரவில்லை.

9. வாதத்தின் வரம்பு

எண்ணிக்கை எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. மேலே தந்த 109, 96 ஆகிய எண்கள் 1952 தேர்தல் நாளின் நிலையைக் காட்டுபவை. இடைத்தேர்தல்களும் கட்சி மாற்றங்களும் அவற்றை மாற்றியிருக்கும். 231 பேர் அவையிலும் ராஜாஜி தொடர்ந்திருக்க முடியும், கல்வித் திட்டத்தில் அவர் பிடிவாதம் காட்டாமலிருந்தால். காமராஜரின் பொறுமையும் எதிரிகளை அணைத்துக்கொள்ளும் பண்பும் இல்லாமல் அந்த எட்டுப்பேர் அமைச்சரவை நிலைத்திருக்காது. ஆயினும் ஆளுமைகள் செயல்பட்ட எல்லையை உறுப்பினர் பட்டியல் வரைந்தது. 375 பேர் அவைக்கு ராஜாஜி தேவைப்பட்டார். 231 பேர் அவைக்குக் காமராஜர் போதுமானவராகவும் பொருத்தமானவராகவும் இருந்தார். 190 பேர் அவைக்குத் தமிழ் தேவைப்பட்டது.

10. முடிவுரை

முதலமைச்சர்களின் வரலாறாகவே சட்டமன்ற வரலாற்றை எழுதிப் பழகிவிட்டோம். இரட்டைத் தொகுதிகளில் வென்று வந்த பட்டியல் சாதி உறுப்பினர்கள், 19 பேராக வந்து ஆட்சியைத் தாங்கிய உழைப்பாளர் கட்சியினர், நவம்பர் முதல் நாளில் இடம் இழந்த மலபார்க்காரர்கள் ஆகியோர் அந்த ஐந்தாண்டில் என்ன பேசினார்கள், எதற்கு வாக்களித்தார்கள் என்பதைப் பேரவை நடவடிக்கைக் குறிப்புகள் சொல்லும். அவற்றை மாவட்டவாரியாக, உறுப்பினர்வாரியாகப் படித்து எழுதும் பணியை இளம் ஆய்வாளர்கள் மேற்கொள்ள வேண்டும். 1952 மே 3 அன்று அந்தக் கூடத்தில் தொடங்கிய பதவிக்காலத்திலிருந்து இருவரின் பெயர்தான் இன்று நம் நினைவில் நிற்கிறது. அவர்களுள் ஒருவர் நியமனத்தால் வந்தவர். மற்றவர் அன்று அந்த அவையில் உறுப்பினராகவே இல்லை.